நாலாவது போன்

மேஜை மேல் மூன்று போன்கள் மல்லாக்கக் கிடந்தன. மூன்றும் சுத்தம். உளவு பார்க்கிற ஆப் இல்லை, சந்தேகப்பட ஒரு மண்ணும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னொரு தடவை பாரு, தபஸ்ஸும்," என்றார் வடிவு மேடம்.

"மேடம், இதுக்கு மேல பார்க்கணும்னா ஸ்க்ரூவைக் கழட்டி உள்ள போய் உட்கார்ந்துதான் பார்க்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. மேடத்தின் முழுப்பெயர் சண்முகவடிவு. தி.நகரில் ஜாக்கெட் தைக்கிற கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. யோசிக்கும்போது பொட்டுக்கடலை மெல்லுவார். அன்றைக்கு டப்பாவே காலியாகிக்கொண்டிருந்தது. நான் அவருடைய உதவியாளர். சம்பளத்துக்குத் துப்பறிகிறேன், வாயாடுவது இலவசம்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் ஹம்சா. மயிலாப்பூர்ப் பெண். துப்பட்டா நுனியை விரலில் இறுக்கிச் சுற்றி, விரலே வெளுத்துப்போயிருந்தது. அவள் கணவன் நிரஞ்சன் வெளிநாட்டில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலையில் இருக்கிறவன். அடி தாங்க முடியாமல் அவனை விட்டு வந்துவிட்டாள். ஐந்து வயது மகன் பிரணவ் அம்மாவிடம்தான் இருக்க வேண்டும், அப்பன் அவனை ஊரை விட்டுக் கொண்டுபோகக் கூடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. கோர்ட் சொன்னால் கேட்கிற ஆளா அவன்? விமானம் ஏறி வந்துவிட்டான்.

அண்ணன் வீட்டிலிருந்து கோட்டூர்புரத்தில் ஒரு தோழி வீட்டுக்குப் போனாள் ஹம்சா. வாசலில் அவன் கார் வந்து நின்றது. அங்கிருந்து அடையாறில் ஒரு பெண்கள் விடுதி. எதிர்ச்சாரி டீக்கடையில் அவன். விடுதியில் காவல் இருந்ததால் உள்ளே விடவில்லை, அவ்வளவுதான். போன் நம்பரை மாற்றினாள். புது நம்பருக்கும் மெசேஜ் வந்தது. இன்று காலையில் வந்தது இது:

'இன்னிக்கு ராத்திரி ஃப்ளைட். எனக்கு ஒரு சீட், பிரணவுக்கு ஒரு சீட். எங்கே ஒளிச்சு வெச்சாலும் வந்து தூக்கிண்டு போவேன்.'

அதைப் பார்த்ததும் ஹம்சா குழந்தையைக் கொண்டுபோய் ஓரிடத்தில் ஒளித்துவிட்டாள். எங்கே என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. எங்களுக்கும்தான். அடுத்து, அண்ணன் ஸ்ரீனிவாசராகவனை எங்கள் அலுவலகத்துக்கே வரவழைத்தாள். காலேஜில் கணக்குச் சொல்லித்தருகிற மனுஷர். தன் போன், மனைவி ஸ்நேஹாவின் போன் இரண்டையும் சோதனைக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை, அதற்குள் ஹம்சா வெடித்துவிட்டாள்.

"நான் எங்கே போனாலும் உனக்கு மட்டும்தானே தெரியும்? நீதான் அவன்கிட்டே சொல்லிண்டிருக்கே!"

"ஹம்சா, நான் எதுக்குடி..."

"கிட்டே வராதே! இனிமே என் மூஞ்சியிலேயே முழிக்காதே!"

அவர் திரும்பினார். படியிறங்கிப் போய்விட்டார். சொந்த அண்ணனையே நம்ப முடியாமல் போனால் அதற்கப்புறம் ஒரு பெண்ணுக்கு யார்தான் இருக்கிறார்கள்? அவள் அழக்கூட இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மேடம் டப்பாவை மூடினார்.

"ஹம்சா, அவன் அனுப்பின மெசேஜ் எல்லாத்தையும் முதல்லேருந்து படிம்மா. சத்தமா."

படித்தாள். 'குழந்தைக்கு ஏன் கிழிஞ்ச பனியனைப் போட்டிருக்கே?' 'கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கே, தூங்கறதில்லையா?' 'மேஜை மேல யாருக்கு அந்த மாத்திரை?' அவள் குரல் உடைந்தது. மேடம் விடவில்லை. படித்தாள். 'பிரணவ் இருமறானே, டாக்டர்கிட்டே காட்டினியா?' 'பக்கத்து ரூம்ல யாரு அப்படிச் சண்டை போடறா?' 'புது நம்பரை மன்னிக்கு ரெண்டு தடவை சொன்னியே, எனக்கும் நன்னா கேட்டுது.'

"போதும். தபஸ்ஸும், என்ன தெரியுது?"

"கேடுகெட்டவன்னு தெரியுது."

"முதல்ல வந்தது எல்லாம் கண்ணால பார்த்தது. பனியன், கண்ணுக்குக் கீழ கறுப்பு, மாத்திரை. அப்புறம் வந்தது எல்லாம் காதால கேட்டது. இருமல், சண்டை, நம்பர். நடுவுல அவனுக்குக் கண்ணு போயிடுச்சு."

"நல்லாப் போகட்டும். காதும் சேர்ந்து போகட்டும்."

"எப்போ போச்சு? அவன் கடைசியாப் பார்த்து எழுதினது என்னிக்கும்மா?"

ஹம்சா விரலால் தள்ளிக்கொண்டே போனாள். "சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள்."

"பூஜைக்கு அப்புறம் பார்த்து எழுதினது ஒண்ணுகூட இல்லையா?"

"இல்லை."

"இன்னொண்ணு. மெசேஜ் வந்த நேரத்தைக் கவனிச்சியா? காலை டிபன், மத்தியானச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு. அதுக்குக் கொஞ்சம் பின்னாலதான் ஒவ்வொண்ணும்."

"சாப்பிட்டுத் தெம்பா மிரட்டுவான்போல," என்றேன்.

"அவன் வெளிநாட்டுல இருந்தப்பவும் இதே நேரம்தான். நம்ம ஊர்ல காலை டிபன்னா அவனுக்கு அங்கே நடுராத்திரி. இது அவன் சாப்பாட்டு நேரமில்ல, தபஸ்ஸும். வேற யாரோ சாப்பிடுற நேரம்." மேடம் ஹம்சா பக்கம் திரும்பினார். "பூஜைக்கு எங்கே இருந்தே?"

"அண்ணா ஆத்துல."

"போட்டோ எடுத்தீங்களா?"

"பக்கத்தாத்து மாமி எடுத்து மன்னிக்கு அனுப்பினா."

ஸ்நேஹாவின் போனில் அந்தப் படம் இருந்தது. சரஸ்வதி படம், வீணை, கணக்குப் புத்தகங்கள், லேப்டாப், கத்தரிக்கோல், அரிவாள்மணை, ஸ்கூட்டர் சாவி. முன்னால் வரிசையாகப் போன்கள். எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். மேடம் படத்தைப் பெரிதாக்கி என்னிடம் தள்ளினார்.

"எண்ணு."

நாலு இருந்தன. மேஜையில் மூன்றுதான்.

"பொட்டு எங்கே வெச்சிருக்காங்க பாரு. நெத்தியில, நட்டநடுவுல. போனுக்கு நெத்தியில என்ன இருக்கு?"

"முன்பக்கக் கேமரா!" எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "மேடம், அவன் கண்ணுல சந்தனத்தை அப்பியிருக்காங்க!"

"நாம பேசுற போன்னா மறுநாளே துடைச்சிருவோம். இந்த மூணும் துடைச்சாச்சு. துடைக்காத போன் எது, ஹம்சா?"

ஹம்சா படத்தையே பார்த்தாள். "அது... அது போன் இல்லையே."

"பின்ன என்ன, அப்பளமா?"

"அது பிரணவோட கார்ட்டூன். அண்ணாவோட பழசு. சிம்கூடக் கிடையாது. சாதம் ஊட்டறச்சே முன்னாடி வெப்பேன். இல்லேன்னா வாயைத் திறக்க மாட்டான்."

இந்த ஊரில் எந்த வீட்டிலும் போய் எத்தனை போன் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பேசுகிற போனைத்தான் எண்ணுவார்கள். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற பழைய போன் கணக்கிலேயே வராது. அது கிண்ணம், ஸ்பூன் மாதிரி ஒரு சோற்றுச் சாமான். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, அக்கா மகனுக்கு. சத்தியமாக நானும் எண்ணியிருக்க மாட்டேன்.

"இப்ப எங்கே அது?" மேடம் எழுந்துவிட்டார்.

ஹம்சாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "குழந்தையோட பையில. மத்தியானம் சாதம் ஊட்டணுமேன்னு நானேதான்... நானே என் கையால வெச்சேன்."

"குழந்தை எங்கேம்மா?"

"பட்டினப்பாக்கம். வேலம்மா வீடு. எங்காத்துல முன்னே வேலை செஞ்சவ."

"போன் போடு!"

"ஒட்டுக் கேக்கறான்னு பயந்துண்டு, அவ போனை ஆஃப் பண்ணி வெக்கச் சொல்லிட்டேன். ஐயோ, அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூட ஒழுங்காக் கிடையாதே!"

சாப்பாட்டு வேளை நெருங்கிவிட்டது. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கீழே கடைசிப் படியில், மழைச் சாரலில் நனைந்துகொண்டு ஸ்ரீனிவாசராகவன் உட்கார்ந்திருந்தார். போகவில்லை அவர். எங்களைப் பார்த்ததும் எழுந்து வழிவிட்டார். மேடம் நின்றார்.

"சார், உங்க பழைய போன்ல கார்ட்டூன் லிங்க் ஏதாவது திறந்தீங்களா?"

"ஒரு மெயில் வந்தது. குழந்தைகளுக்குப் புதுக் கார்ட்டூன்னு போட்டிருந்தது. என் போன்ல அமுக்கினேன், ஒண்ணும் வரலை. ஸ்நேஹா போன்லயும் வரலை. பழைய போன்லயும் என் மெயில்தானே, அதுல திறந்தேன். ஓடித்து. குழந்தை கைதட்டிச் சிரிச்சான். ஏன் மேடம், என்ன ஆச்சு?"

அவர் கணக்கு வாத்தியார். எங்கள் முகத்தைப் பார்த்தே விடையைப் போட்டுவிட்டார்.

"வண்டியில ஏறுங்க," என்றார் மேடம்.

நான் ஓட்ட, அவர் என் பக்கத்தில். பின்னால் மேடமும் ஹம்சாவும். ஆழ்வார்பேட்டை வரைக்கும் வண்டி போனது. லஸ்ஸில் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட தகரத் தடுப்புக்கு நடுவே எறும்பு மாதிரி ஊர்ந்தது. மேடம் தன் போனில் எஸ்.ஐ. நூர் முஹம்மதுவிடம் விஷயத்தைச் சொல்லி, கோர்ட் உத்தரவையும் அனுப்பிவைத்தார். ஹம்சா முன்சீட்டைப் பிடித்து உலுக்கினாள்.

"நன்னா ஓடற போன்தானே அது! ஒரு கீறல்கூட இல்லையே! அதுல எப்படி அவன் நுழைஞ்சான்?"

"ஓட்டத்துக்குக் குறைச்சல் இல்லம்மா. அதுக்குக் காவல் போய் ரொம்ப நாளாச்சு," என்றார் மேடம்.

"அப்டேட் நின்னுபோச்சு," என்றார் அண்ணன், கண்ணாடியைப் பார்த்தபடி. "அதுக்காகத்தான் நான் புதுசு வாங்கினேன். பாங்க் வேலையெல்லாம் அதுல பண்றேனே, ஆபத்துன்னு. குழந்தை கார்ட்டூன் பார்க்கறதுக்கு எதுக்கு அப்டேட்னு பழசை அவன் கையில குடுத்தேன்."

"யாரைக் கேட்டுண்டு நிறுத்தினா? விலை குடுத்துத்தானே வாங்கினோம்?" ஹம்சா கத்தினாள். யாரிடம் கத்துகிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"ஒரு போனுக்குள்ள மூணு பேர் கை இருக்கு," என்றார் மேடம். அவள் மனசை அந்தத் தெருவிலிருந்து கொஞ்சம் திருப்பத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். "சாஃப்ட்வேர் எழுதுறவன் ஒருத்தன். சிப் பண்றவன் ஒருத்தன். ரெண்டையும் சேர்த்து போனாக்கி விக்கிறவன் ஒருத்தன். ஓட்டைன்னு ஒண்ணு தெரிஞ்சா பலசமயம் மூணு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அடைக்கணும். இந்தச் சிப் பழசு, இனிமே இதுக்கு எழுதித் தர மாட்டேன்னு சிப்காரன் கையை விரிச்சா, விக்கிறவன் பாடு திண்டாட்டம். அவன் எழுதிக் குடுத்தாலும் ஒவ்வொரு மாடல்லயும் போட்டு ஓட்டிச் சோதிச்சுப் பார்க்கணும். அதுக்கு ஆளு வேணும், செலவு ஆகும். வித்து முடிச்ச போன்ல அவனுக்கு இனிமே என்ன வரும்? இத்தனை வருஷம்தான்னு வெச்சு நிறுத்திக்குறான்."

"வேற வழியில்லாம நாம புதுசு வாங்குவோம்ல," என்றேன்.

"அதுவும் உண்டு. இதுல கொடுமை என்னன்னா, புது போனுக்கு ஓட்டையை அடைக்கும்போது இந்த இடத்துல ஓட்டை இருந்துச்சுன்னு எல்லாருக்கும் சொல்லித்தான் அடைக்கிறாங்க. சொல்றது நல்லதுக்குத்தான். ஆனா திருடனும் அதைப் படிப்பான். பழைய போன்ல அதே இடத்துல அதே ஓட்டை அப்படியே கிடக்கும், அடைக்க ஆளில்ல. நிரஞ்சனுக்கு வேலையே அதைப் படிக்கிறதுதானே! அதான் அந்த லிங்க் புது போன்ல ஒண்ணும் பண்ணல. பழசுல மட்டும் பாய் விரிச்சு உட்கார்ந்துடுச்சு."

ஸ்ரீனிவாசராகவன் மெல்லச் சொன்னார். "அப்போ ஹம்சா சொன்னது சரிதான். என்கிட்டேருந்துதான் போயிருக்கு."

ஹம்சா வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் மடியிலிருந்த போன் கிணுங்கியது. படித்துவிட்டு மேடத்திடம் நீட்டினாள். மேடம் சத்தமாகப் படித்தார்.

'கடல் சத்தம் நன்னா கேக்கறதே, ஹம்சா.'

யா அல்லாஹ்! கச்சேரி ரோட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு தண்ணி லாரி குறுக்கே திரும்பி நிற்க, டிரைவர் கிளீனரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். ஹம்சா கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கப் போனாள்.

"ஓடி எத்தனை தூரம்டி போவே? உட்காரு!" என்றார் அண்ணன். அவர் இறங்கிவிட்டார்.

அதுவரை குரலை உயர்த்தியே பார்க்காத மனுஷர். லாரி டிரைவரின் கதவில் ஏறி நின்று கத்தினார். "எடுய்யா வண்டியை! ஒரு குழந்தையோட உசிரு போறதுய்யா!" எதிரே வந்த பஸ்ஸுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். பஸ் நின்றது. லாரி பின்வாங்கியது. கிடைத்த இடுக்கில் நான் வண்டியை விட்டேன். ஒருபக்கக் கண்ணாடி எங்கேயோ உடைந்து விழுந்தது. அவர் ஓடிவந்து, போய்க்கொண்டிருந்த வண்டியிலேயே தொற்றிக்கொண்டார். சாந்தோம் கோயிலைத் தாண்டினதுகூட எனக்கு ஞாபகமில்லை.

பட்டினப்பாக்கத்தில் மீன் கடைகளுக்குப் பின்னால் சந்து. வண்டி உள்ளே போகாது. நாலு பேரும் ஓடினோம். வேலம்மாவின் கதவு விரியத் திறந்து கிடந்தது.

உள்ளே பிரணவ் இருந்தான். முழுசாக இருந்தான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, வேலம்மா ரசம் சாதத்தைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். எதிரே பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்த போன். அதில் ஒரு குரங்கு குட்டிக்கரணம் போட்டது. நெற்றியில் காய்ந்துபோன சந்தனம், குங்குமம்.

"வா, பாப்பா," என்றாள் வேலம்மா. "புள்ள அழுதுகினே இருந்துச்சு. பொம்ம வராம துன்ன மாட்டேன்னுச்சு. அதான் எங்கூட்டுக்காரு அவரு போன்லேர்ந்து நெட்டு வுட்டாரு."

பக்கத்தில் அவள் புருஷன் வடிவேலு, காக்கிச் சட்டையில், பெருமையாகத் தன் போனைக் காட்டினான். "இன்னா ஸ்பீடா கீது பாரு!"

மேடம் உதட்டில் விரலை வைத்தார். எல்லாரும் கல்லாகிவிட்டோம். எனக்குக் கை பரபரத்தது. அந்தச் சனியனை எடுத்து அணைக்கப் போனேன். பழக்க தோஷத்தில் துப்பட்டா நுனி பொட்டைத் துடைக்கப் போனது. பளீரென்று என் கையில் ஓர் அடி. மேடம் தலையை இல்லை என்று ஆட்டினார். முதல் தடவையாக அன்றைக்கு அவர் கண்ணில் ஒரு குறும்பைப் பார்த்தேன். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவனுக்குக் காது கேட்கும், கண் தெரியாது. போன் போகிற இடமெல்லாம் அவனும் வருவான்.

இப்போது அணைத்தால் அவன் நேராக இங்கே வந்து நிற்பான். அவன் விடுதிப் பக்கம்தான் இருப்பான்; அடையாறு பாலத்தைத் தாண்டினால் இந்தச் சந்துதான்.

மேடம் தன் போனில் எஸ்.ஐ.க்கு 'கோட்டூர்புரம் லைப்ரரி வாசல்' என்று தட்டிவிட்டு, குழந்தையின் போனைப் பார்த்துக் கத்தினார். "ஐயோ ஹம்சா, இங்க வேண்டாம்! அவனுக்கு இடம் தெரிஞ்சுபோச்சு! குழந்தையை இப்பவே ஆட்டோவுல ஏத்து. தபஸ்ஸும் கூடப் போகட்டும். கோட்டூர்புரம் லைப்ரரிக்குக் கொண்டுபோயிடுவா. அங்கே ஏகப்பட்ட குழந்தைங்க இருக்கும், அவனால கண்டுபிடிக்க முடியாது!"

ஹம்சா பிரணவை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள். "போடா கண்ணா. ஆன்ட்டியோட போ. அம்மா பின்னாடியே வரேன்." அந்த நடுக்கத்தை நடிக்க வேண்டிய அவசியமே இல்லை அவளுக்கு.

"நான் போக மா..." என்று ஆரம்பித்தான் பிரணவ். வேலம்மா ஒரு கவளத்தை அவன் வாயில் திணித்தாள். அந்த அம்மாளுக்கு எங்கள் நிலையத்தில் எப்போது வேண்டுமானாலும் வேலை உண்டு.

வடிவேலுவின் சொந்த ஆட்டோ. நெட்டு அவன் சட்டைப் பையில். மழைக்கு இரண்டு பக்கமும் தார்ப்பாய்ப் படுதாவை இறக்கிவிட்டிருந்தான். போனின் முதுகை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஏறினேன். குரங்கு பாடிக்கொண்டே வந்தது.

வாழ்க்கையில் நான் எவ்வளவோ பேசியிருக்கிறேன். இல்லாத குழந்தையோடு பேசினது அன்றைக்குத்தான்.

"பிரணவ் கண்ணா, வெளியில எட்டிப் பார்க்காதே. நனைஞ்சிடுவே. தூக்கம் வருதா? ஆன்ட்டி மடியில படுத்துக்கோ. அப்படித்தான் ராஜா."

வடிவேலு கண்ணாடி வழியாக என்னை ஒரு மாதிரி பார்த்தான். வாயைத் திறக்கப் போனவனை முறைத்தேன். சிரிப்பு வரவேண்டிய கட்டம்தான், வரவில்லை. என் மடி காலியாக இருந்தது. அவன் இதை நம்பாமல் நேராகப் பட்டினப்பாக்கத்துக்கே போய்விட்டால்? அந்தக் கதவுக்கு எதிரே ஒரு கணக்கு வாத்தியாரும் மூன்று பொம்பளைகளும்தானே? வாய் பாட்டுக்குத் தாலாட்டிக்கொண்டிருந்தது.

கிரீன்வேஸ் ரோட்டில் படுதா இடுக்கில் பார்த்தேன். கறுப்புக் கார் ஒன்று பின்னால் வந்தது. நாங்கள் திரும்பின இடத்திலெல்லாம் திரும்பியது. மனுஷனைப் பார்த்துப் பயப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

லைப்ரரி வாசலில் ஆட்டோ நின்றது. காரின் கதவு சாத்தப்பட்டது. காலடி வந்தது. படுதா பறந்தது.

நல்ல சட்டை, நல்ல கண்ணாடி, வாசனையான ஆள். மிருகம் என்று நெற்றியில் எழுதியா இருக்கும்? அவன் என் மடியைப் பார்த்தான். பக்கத்தில் பார்த்தான். சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

"பிரணவ் எங்கே?"

போனைத் திருப்பி அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். "இதோ. இவ்வளவு நாளா நீங்க குடித்தனம் பண்ணின வீடு. பொட்டு வெச்சிருக்காங்க பாருங்க, மங்களகரமா."

அவனுக்குப் புரிய ஒரு விநாடி ஆனது. திரும்பினான். பின்னால் மழைக்கோட்டில் எஸ்.ஐ. நூர் முஹம்மது நின்றுகொண்டிருந்தார்.

"நான் என் குழந்தையைச் சும்மா பார்க்க வந்தேன்," என்றான் நிரஞ்சன்.

"பார்க்கலாம் சார். முதல்ல அந்தப் பையைத் திறங்க."

பைக்குள் பிரணவ் பேரில் அன்றிரவு டிக்கெட் இருந்தது. கோர்ட் உத்தரவின் நகலை எஸ்.ஐ. சட்டைப் பையிலிருந்து எடுத்து அவனுக்கே படித்துக் காட்டினார். அவன் முகம் போன போக்கை ஒரு போட்டோ எடுத்திருக்கலாம். கையிலிருந்த போனில்தான் கேமரா தெரியவில்லை.

போனை எஸ்.ஐ.யிடம் சாட்சியாக ஒப்படைத்துவிட்டு அதே ஆட்டோவில் திரும்பினேன். மேடத்துக்கு வழியிலேயே சொல்லிவிட்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. பிரணவ் மட்டும் சிணுங்கிக்கொண்டிருந்தான்.

"கார்ட்டூன் வேணும். கார்ட்டூன் குடு. சாப்பிட மாட்டேன்."

பாதித் தட்டு அப்படியே இருந்தது. ஹம்சா சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் எதிர்ச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு பேச்சும் நடந்திருக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. அவன் பிடிபட்டாயிற்று, குழந்தை தப்பியாயிற்று. காலையில் சொன்ன வார்த்தை மட்டும் அந்த அறையிலேயே கிடந்தது.

ஸ்ரீனிவாசராகவன் மெதுவாக வந்து குழந்தைக்கு எதிரே, பருப்பு டப்பா இருந்த இடத்தில், உட்கார்ந்தார். தட்டை எடுத்துக்கொண்டார்.

"ஒரு ஊர்ல ஒரு குரங்கு இருந்துதாம்," என்றார். கன்னத்தை உப்பிக் காட்டினார். அப்படி ஒரு மோசமான குரங்கை நான் பார்த்ததில்லை. "அது... அது வந்து..." மேலே வரவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

பிரணவ் கொஞ்ச நேரம் பார்த்தான். "மாமா, நடுவுல விளம்பரமா?"

அவர் சிரித்துவிட்டார். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. "ஆமாடா. முடிஞ்சுபோச்சு. குரங்கு என்ன பண்ணித்துன்னா, தெரியாம ஒரு தப்புப் பண்ணிடுத்து. ரொம்பப் பெரிய தப்பு."

பிரணவ் வாயைத் திறந்தான். ஒரு கவளம் உள்ளே போனது. இன்னொன்று. ஹம்சா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து வந்து குழந்தைக்குப் பக்கத்தில், அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணா," என்றாள். "காலம்பரலேருந்து நான் ஒண்ணும் சாப்பிடலை. எனக்கும் ஒரு வாய் போடு."

அவர் சாதத்தை எடுத்தார். ஊட்டியதில் பாதி அவள் மடியில் சிந்தியது. மீதியை அவள் வாயில் வாங்கிக்கொண்டாள்.